பத்து மணிக்கு வராத சிவப்புப் பட்டை

கடலூர், மஞ்சக்குப்பம்
16.10.2025

மாமாவுக்கு,

அருண் எழுதுகிறேன். உறையின் மேல் என் கையெழுத்தைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் இவ்வளவு தூரம் வந்ததற்கு நன்றி. போனில் என்னை நீங்கள் பிளாக் செய்து எட்டு மாதம் ஆகிறது. அக்காவுக்கு அடித்தால், "உங்க மாமா பக்கத்துல இருக்காருடா, அப்பறம் பேசறேன்" என்கிறாள். அந்த அப்புறம் வருவதே இல்லை. அதனால்தான் தபால். பதினோராம் வகுப்பில் விடுப்புக் கடிதம் எழுதியதற்குப் பிறகு தாளில் எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஒரு சின்ன சந்தேகம் மாமா. நம் ஆஸ்பத்திரி சர்வரில், எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்புகள் இருக்குமே ஒரு ஃபோல்டர், அது ஃபோல்டரே இல்லை, வெறும் லிங்க் என்று இப்போதுதான் தெரிந்தது. நீங்கள் இங்கே வேலையில் இருந்தபோது வைத்ததா? எதற்காக? ஞாயிற்றுக்கிழமை மதியம் சாஃப்ட்வேரின் புதிய பதிப்பை ஏற்றினேன். பாதியில் நின்றுவிட்டது. 'இந்த இடத்தில் ஃபோல்டர் வைக்க வேண்டும், லிங்க் இருக்கிறது' என்று ஒரு வரி காட்டிவிட்டு அசையவில்லை. மூன்று தடவை ஓட்டினேன், மூன்று தடவையும் அதே இடத்தில் முரண்டு பிடித்தது. இன்டர்நெட்டில் தேடினால், 'லிங்கை அழித்துவிட்டு ஓட்டு, போகும்' என்று யாரோ எழுதியிருந்தார். அழித்தேன். போனது.

இப்போது எல்லாம் சரியாக இருக்கிறது. லிங்கைத் திரும்ப வைத்துவிட்டேன். நான் கேட்பது இவ்வளவுதான்: அதைப் பற்றி எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா? வேறு யாருக்காவது தெரியுமா? யாராவது வந்து விசாரித்தால், அப்படி எதுவும் இல்லை என்று மட்டும் சொல்லிவிடுங்கள். சின்ன உதவி.

தீபாவளிக்கு வர முடியாது. அக்காவுக்குப் புடவை வாங்கி வைத்திருக்கிறேன். மழை ஓய்ந்ததும் கொண்டு வருகிறேன்.

அருண்குமார்


சிதம்பரம், வடக்கு வீதி
23.10.2025

மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. பதினோராம் வகுப்பிலும் இப்படித்தான் எழுதியிருப்பாய். வயிற்றுவலி என்று முதல் வரியில் இருக்கும், சினிமாவுக்குப் போனது எங்கேயும் இருக்காது.

லிங்க் வைத்தது நான்தான். சென்ற டிசம்பர் வெள்ளத்தில் வார்டு முழுக்க ஆட்கள், சர்வரில் இடம் நிரம்பிவிட்டது. புது டிஸ்க் கேட்டேன். மேனேஜர் தில்லைநாதன், "வாங்கலாம் அன்பரசு, பாப்பம்" என்றார். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், சர்வர் படுத்துக்கொண்டே இருந்தது. பில்லிங் மெஷினில் சும்மா கிடந்த டிஸ்கைக் கழற்றி சர்வரில் மாட்டி, அந்த ஃபோல்டரை அதற்குள் கொண்டுபோய் வைத்தேன். பழைய இடத்தில் லிங்கைப் போட்டேன். பக்கத்தில் நின்று மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தவன் நீ.

உனக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். வீடு மாறிப் போகிறவன் பழைய வாசலில் புது விலாசம் எழுதி ஒரு அட்டை மாட்டுவான். தேடி வருகிறவன் அட்டையைப் பார்த்துவிட்டுப் புது வீட்டுக்குப் போவான். நீ என்ன செய்திருக்கிறாய் என்றால், அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு அதே இடத்தில் ஒரு காலி வீட்டைக் கட்டிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறாய். வருகிறவன் எட்டிப் பார்ப்பான். உள்ளே ஆள் இல்லை. அப்படி ஒருத்தர் இல்லவே இல்லை என்று முடிவு கட்டிவிட்டுப் போவான்.

இது நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் தினக்காலண்டர் தாளின் பின்பக்கம் சிவப்பு மையில், 'புதிய பதிப்பு ஏற்றும் முன் ஃபோல்டரைத் திரும்பக் கொண்டுவரவும், லிங்கை அழிக்காதே' என்று எழுதி சர்வர் ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டினேன். அது என்ன ஆயிற்று?

நீ கடிதம் போட்டது வியாழக்கிழமை. அதற்கு மூன்று நாள் முன்பு, திங்கட்கிழமை, உங்கள் சர்வரை நம்பி ஓடுகிற இங்கே சிதம்பரம் பிரான்ச்சில் கம்மாபுரத்துக்காரர் ஒருவர் ஊசி போட்ட கொஞ்ச நேரத்தில் இறந்துபோனார். உறவுக்காரர்கள் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள், பஸ்ஸெல்லாம் என் ஜெராக்ஸ் கடை வழியாகத்தான் சுற்றிப் போனது. நர்ஸ் கம்ப்யூட்டரைப் பார்க்காமல் ஊசி போட்டுவிட்டாள் என்று ஊரே பேசுகிறது. நர்ஸ் பெயர் சத்யப்பிரியா. அவளை எனக்கு நன்றாகத் தெரியும். மாத்திரைப் பட்டையின் காலாவதித் தேதியை இரண்டு தடவை படிக்கிற பெண்.

லிங்கைத் திரும்ப எப்போது வைத்தாய்? நாளும் மணியும் எழுது.

அன்பரசு


கடலூர்
28.10.2025

மாமா,

13ஆம் தேதி, திங்கட்கிழமை, பகல் பதினொன்று நாற்பது. ஊசி போட்டது பத்து மணிக்கு.

இதை எழுதிவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இனி மிச்சத்தையும் எழுதிவிடுகிறேன்.

அவர் பெயர் கொளஞ்சி. ஐம்பத்திரண்டு வயது. காலில் புண் சீழ் பிடித்து, காய்ச்சலோடு கொண்டுவந்திருக்கிறார்கள். சென்ற வருடம் இதே பிரான்ச்சில் பென்சிலின் வகை ஊசி போட்டு, உடம்பெல்லாம் தடித்து, மூச்சுத் திணறி, எப்படியோ பிழைத்துப் போனவர். அன்றைக்கே கம்ப்யூட்டரில் குறிப்பு ஏற்றியிருக்கிறார்கள். அவர் பெயரைத் தட்டினால் திரையின் மேலே சிவப்புப் பட்டை வர வேண்டும்.

டாக்டர் அதே வகை ஊசியை எழுதியிருக்கிறார். சிஸ்டர் சத்யப்பிரியா கொளஞ்சியின் மனைவி தங்கம்மாளிடம், ஏதாவது மருந்து ஒத்துக்காதா என்று கேட்டிருக்கிறார். அந்த அம்மா சொன்னது இது: "மருந்து பேரெல்லாம் எனக்குத் தெரியாது கண்ணு. போன தடவயே எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டோம், இனிமே பயமில்லன்னு சொன்னாங்க. அதுல பாரு." சிஸ்டர் பார்த்தார். பட்டை இல்லை. போட்டார். கால் மணி நேரம்கூட ஆகவில்லையாம்.

பதினொன்றரைக்கு எனக்கு போன் செய்ததே சிஸ்டர்தான். "தம்பி, பட்டை ஏன் வரல?" என்று அழுதுகொண்டே கேட்டார். அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டாவது டிஸ்கைத் திறந்தேன். கொளஞ்சியின் குறிப்பு அங்கேயே இருந்தது மாமா. ஒரு எழுத்துகூட அழியவில்லை. நாலாயிரம் பேருடைய குறிப்பும் பத்திரமாக இருந்தது.

லிங்கை வைத்தேன். இன்னொரு ஆளுக்கு இப்படி ஆகிவிடக் கூடாது என்றுதான் வைத்தேன், இதையாவது நம்புங்கள். மேனேஜர் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டு சிதம்பரம் வந்தார். மூன்று மணிக்கு அவரும் இரண்டு டாக்டர்களும் உட்கார்ந்து கொளஞ்சி பெயரைத் தட்டினார்கள். சிவப்புப் பட்டை பளிச்சென்று வந்தது. சிஸ்டர் திரையையே பார்த்துக்கொண்டு, "இது காலையில இல்ல சார். சாமி சத்தியமா இல்ல" என்றார். மேனேஜர் என் பக்கம் திரும்பி, "சிஸ்டத்துல ஏதாவது பிரச்சினயாப்பா?" என்றார்.

"இல்ல சார்" என்றேன்.

உங்கள் தாளைப் பற்றிக் கேட்டீர்கள். ஆயுத பூஜைக்கு எல்லா டிபார்ட்மென்ட்டும் மெஷினுக்குப் பொட்டு வைத்துப் படம் எடுத்து குரூப்பில் போட வேண்டும் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். ரேக் கதவைத் திறந்தால் உள்பக்கம் காலண்டர் தாள், பசை, தூசி. படத்தில் அசிங்கமாகத் தெரியுமே என்று ஈரத்துணி வைத்துச் சுரண்டினேன். அந்த இடத்தில்தான் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். தாளைப் படிக்கவில்லை. உங்கள் கையெழுத்து என்பதாலேயே படிக்கவில்லை என்று இப்போது தோன்றுகிறது.

ஆனால் ஒன்று. எல்லாவற்றையும் என் தலையில் கட்டாதீர்கள். லிங்க் வைத்தது நீங்கள். பிப்ரவரியில் போகும்போது எனக்கு ஒரு வார்த்தை சொன்னீர்களா? சாவியை மேசைமேல் எறிந்துவிட்டுப் போனீர்கள். நான் மாட்டினால் உங்கள் பெயரும் வெளியே வரும். மிரட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள். பயத்தில் எழுதுகிறேன்.

படித்ததும் எரித்துவிடுங்கள். போனை வாங்கிப் பார்த்தாலும் பார்ப்பார்கள், அதனால்தான் தாள்.

அருண்


சிதம்பரம்
5.11.2025

அருணுக்கு,

நான்கு நாளாகப் பதில் எழுதி எழுதிக் கிழிக்கிறேன். உன்னைத் திட்டி எழுதுவது சுலபமாகத்தான் இருந்தது. திட்டிய தாள்களைத்தான் கிழித்தேன்.

பிப்ரவரியில் ஒரு வார்த்தை சொன்னேனா என்று கேட்டாய். கேள். ஒப்படைப்புக் குறிப்பு என்று பத்துப் பக்கம் எழுதி முடித்து வைத்திருந்தேன். லிங்க் விவகாரம் நாலாம் பக்கத்தில் இருக்கிறது. என்னை வேலையிலிருந்து போகச் சொன்ன அன்று காலை, நான் சேர்த்துவிட்ட பையன், என் பெண்டாட்டியின் தம்பி, என் நாற்காலியில் உட்கார்ந்து அதன் உயரத்தைச் சரிசெய்துகொண்டிருந்தான். பத்துப் பக்கத்தையும் மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பட்டுத் தெரிஞ்சிக்கட்டும் என்று நினைத்தேன். அந்த வார்த்தையை மனசுக்குள் சொன்னது இப்போதும் கேட்கிறது. பட்டது நீ இல்லை அருண். கம்மாபுரத்தில் யாரோ ஒரு மனிதர்.

அதனால் நான் யோக்கியன், நீ அயோக்கியன் என்று எழுத எனக்கு வாய் இல்லை.

சனிக்கிழமை சத்யப்பிரியா கடைக்கு வந்தாள், குற்றச்சாட்டுக் கடிதத்தை ஜெராக்ஸ் எடுக்க. சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். போலீசும் கேஸ் போட்டிருக்கிறது. மெஷின் ஓடுகிற வரை நின்றுகொண்டே இருந்தாள், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. "நான் பாத்தண்ணா. பட்டை இல்ல. ஆனா சொன்னா சிரிக்கிறாங்க. காலையில இல்லாதது மத்தியானம் எப்பிடி வரும்னு கேக்கறாங்க" என்றாள். நான் கம்ப்யூட்டர்காரன் என்று தெரிந்துதான் கேட்டாள், "அப்பிடி வருமாண்ணா?" என்று.

பதில் என் தொண்டை வரை வந்தது. உன் அக்கா முகம் நினைவுக்கு வந்தது. "பாக்கணும்மா" என்றேன். ஜெராக்ஸுக்குக் காசு வாங்கவில்லை. அவ்வளவுதான் என் வீரம்.

துறை விசாரணை 18ஆம் தேதி கடலூரில் என்று அவள் கடிதத்தில் பார்த்தேன். அதற்குள் நீயே போய்ச் சொல். நானும் வருகிறேன், லிங்க் வைத்தது நான், குறிப்பை மறைத்தது நான் என்று உன் பக்கத்தில் நின்று சொல்கிறேன். வேண்டுமென்று யாரும் கொல்லவில்லை. அதை ஒருவேளை பொறுத்துக்கொள்வார்கள். அவளைப் பொய்க்காரி ஆக்குவதை யாரும் பொறுக்கக் கூடாது.

பதிப்பு ஏற்றினால் சர்வர் தானாகவே தேதி, மணியோடு பதிவு எழுதி வைத்திருக்கும். ஞாயிறு லிங்க் போனதும் திங்கள் வந்ததும் அதில் இருக்கும். அதைத் தொடாதே. அவளுக்கு இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

உன் கடிதத்தை எரிக்கச் சொன்னாய். சட்டைப் பையில் வைத்திருந்தேன். துவைக்கப் போட்ட சட்டையிலிருந்து உன் அக்கா எடுத்துப் படித்துவிட்டாள். என்ன செய்தாள் என்று சொல்லமாட்டேன் என்கிறாள்.

அன்பரசு


கடலூர்
12.11.2025

மாமா,

பதிவு இப்போது இல்லை. எப்படி என்று கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை காலை வரை வைத்துத்தான் இருந்தேன். மேனேஜர் அறைக்கு வெளியே இருபது நிமிடம் நின்றேன், சொல்லிவிடுவோம் என்றுதான். அவர் கதவைத் திறந்து, "அருண், நீ அன்னிக்குத் தெளிவா பதில் சொன்னதாலதான் ஆஸ்பத்திரி பேரு தப்பிச்சுது" என்று தோளைத் தட்டினார். திரும்பி வந்து அழித்துவிட்டேன்.

கனிமொழிக்கு ஏழாம் மாதம். அடுத்த மாதம் வளைகாப்பு. அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. பிள்ளை பிறக்கும்போது நான் எங்கே இருப்பேன் என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. நீங்கள் தனியாகப் போய்ச் சொன்னாலும் நம்பமாட்டார்கள் மாமா. வேலையைவிட்டு அனுப்பப்பட்டவர், வயிற்றெரிச்சலில் பேசுகிறார் என்பார்கள். மேனேஜர்தான் முதலில் அப்படிச் சொல்வார்.

அக்கா போன் செய்தாள். "ஒம்மேல யாரையும் கை வைக்க உடமாட்டண்டா" என்று அழுதாள். என் கடிதத்தை அவள் எரித்திருப்பாள். இருந்தாலும் எரித்தாயிற்று என்று ஒரே ஒரு வரி நீங்கள் எழுதுங்கள். உங்களுடையதை நான் எரித்துவிட்டேன்.

அருண்


சிதம்பரம்
27.11.2025

அருணுக்கு,

நீ கேட்ட அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது. காரணத்தைச் சொல்கிறேன், முழுசாகப் படி.

விசாரணை முடிந்த மறுநாள் சத்யப்பிரியா கடைக்கு வந்தாள். ஒரே ஒரு தாள், இரண்டு காப்பி வேண்டும் என்றாள். மெஷினில் வைக்கும்போது கண்ணில் பட்டது. 'சம்பவ தினத்தன்று கணினித் திரையில் தோன்றிய எச்சரிக்கையை நான் கவனிக்கத் தவறிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.' கீழே அவள் கையெழுத்து.

"ஏம்மா இப்பிடி எழுதிக் குடுத்த? மிரட்டுனாங்களா?" என்று கேட்டேன்.

"மிரட்டலண்ணா" என்றாள். "எல்லாரும் பொறுமையாத்தான் பேசுனாங்க. அன்னிக்கி மத்தியானம் ஸ்கிரீன எடுத்த படத்தக் காட்டுனாங்க, செவப்பா, பெருசா இருக்குது. அத்தன பேரும் இருக்குதுன்னா இருந்துதான இருக்கணும்? ராத்திரி பகலா யோசிச்சிப் பாத்தண்ணா. இப்ப கண்ண மூடுனா எனக்கே பட்டை தெரியுது. நாந்தான் பாக்காம போட்டுட்டன்."

அருண், நீ சர்வரிலிருந்து அழித்ததைப் படித்தேன். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். இந்தப் பெண்ணின் கண்ணுக்குள் இல்லாத பட்டையை வைத்துவிட்டோம், நீயும் நானும் சேர்ந்து. தங்கம்மாள் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்துவிட்டு வந்தாளாம். செய்யாத தப்புக்கு. அந்த அம்மா இவளை எழுப்பி உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்தாராம்.

வீட்டுக்கு வந்து உன் அக்கா சந்திரலேகாவிடம் நடந்ததைச் சொன்னேன். கடிதத்தை எரித்துவிட்டாளா என்று கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. மூன்றாம் நாள் காலையில் அரிசி டப்பாவுக்குள் கையை விட்டு உன் கடிதத்தை எடுத்துத் துடைத்து மேசைமேல் வைத்தாள். "அவன் எந்தம்பி. அதுல மாத்தமில்ல" என்றாள். "ஆனா அந்தப் பொண்ணு தலையில இவ்ளோவும் ஏத்திட்டு, நான் எந்த மூஞ்சியோட அவன் புள்ளைய மடியில வாங்குவன்? எடுத்துக்கிட்டுப் போங்க." சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதாள். உன்னைச் சின்னதில் இடுப்பில் தூக்கிவைத்து வளர்த்தவள் அவள். அது எளிதாக இருந்தது என்று நினைத்துவிடாதே.

உன் மூன்று கடிதமும், என் பத்துப் பக்கக் குறிப்பும் நாளை சத்யப்பிரியாவின் வக்கீலிடம் போகின்றன. என் பதில்களை நீ எரித்துவிட்டாய். பரவாயில்லை, நான் ஜெராக்ஸ் கடைக்காரன், தபாலில் போடும் முன்பே காப்பி எடுத்து வைத்திருந்தேன். அவையும் போகின்றன. பட்டுத் தெரிஞ்சிக்கட்டும் என்ற வரியும் சேர்த்துத்தான். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உனக்கு ஒரு நாளோ இரண்டு நாளோ மிச்சம் இருக்கலாம். அதற்குள் நீயாகப் போய்ச் சொன்னால் அது வேறு. போலீஸ் வந்து கூப்பிட்டுப் போய்ச் சொன்னால் அது வேறு. கனிமொழியிடம் முதலில் சொல். அடுத்தவர் வாயால் அவள் கேட்க வேண்டாம். வளைகாப்புக்கு அக்கா வருவாள். நான் வருவதா வேண்டாமா என்பதை நீ சொல்.

நேற்று சாயங்காலம் சத்யப்பிரியா வீட்டுக்குப் போனேன். என் பங்கை முதலில் சொன்னேன். பிறகு உன் 28ஆம் தேதிக் கடிதத்தை அவளுக்கும் அவள் அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன். அவள் அம்மா நான் படிக்கும்போதே எழுந்து என்னை வாய்க்கு வந்தபடி ஏசினார். எனக்கு வர வேண்டியதுதான், வாங்கிக்கொண்டேன். சத்யப்பிரியா ஏசவில்லை. வேலை திரும்பக் கிடைக்குமா, கேஸ் போகுமா என்றும் கேட்கவில்லை.

"சிஸ்டர் பார்த்தார், பட்டை இல்லைன்னு ஒரு எடம் வந்துதே, அத இன்னொரு தடவ படிங்கண்ணா" என்றாள்.

படித்தேன்.

"அப்ப நான் பாத்துட்டுதான் போட்டனாண்ணா?"

"பாத்துட்டுதாம்மா போட்ட" என்றேன்.

அன்பரசு